அத்தியாயம் 9: நடுப்பிராயத்துப் பெண்களின் இருதயம்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில் ஒரகடத்தையும் இரு மையங்களாகக் கொண்டு பரந்து கிடக்கும் தொழிற்பிரதேசம், ஏரிப்பாசனத்தை நம்பி நெல் விளைவித்த கிராமங்களின் கூட்டமாக இருந்த நிலை மாறி, மோட்டார் வாகனங்களும் கண்ணாடியும் டயரும் கைபேசியும் உற்பத்தியாகும் இடமாக ஒரே தலைமுறைக் காலத்துக்குள் உருவெடுத்துவிட்டது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006இல் நோக்கியாவின் கைபேசித் தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூரில் இயங்க ஆரம்பித்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இந்த மாறுதலின் பொருளாதாரத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அது மனிதர்களின் சரீரத்துக்குள், அதிலும் பெண்களின் இரத்தக் குழாய்களுக்குள், என்ன செய்து வருகிறது என்பதை ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கமாகும்.

இப்பிரதேசத்தில் நடுப்பிராயத்தை அடைந்திருக்கும் அல்லது அடையப்போகும் பெண்கள் இரு வகையினர். நிலம் கைமாறுவதற்கு முன் நடவும் களையெடுப்பும் அறுவடையுமாக வாழ்ந்து, இப்பொழுது காண்ட்ராக்ட் முறையில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கோ கேண்டீன் வேலைக்கோ தொழிற்சாலைகளுக்குள் சென்று வருகின்ற, ஐம்பதை ஒட்டிய உள்ளூர்ப் பெண்கள் ஒரு வகை. 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில், பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, பதினெட்டு பத்தொன்பது வயதில் கம்பெனி பஸ் ஏறிக் கைபேசி லைனில் வேலைக்கு நின்ற பெண்கள் மற்றொரு வகை. அவர்கள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள். இருதய நோயைப் பொறுத்தவரை இவ்விரு வகையினரின் வாழ்க்கையும் நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்றுதான்: நாற்பத்தெட்டாம் வயதில் வெளிப்படுகின்ற நோய், இருபதாம் வயதிலிருந்து உண்டதும் உறங்கியதும் உழைத்ததும் கருவுற்றதும் ஆகிய அனைத்தின் மொத்தக் கணக்காகும்.

இத்தகைய கணக்கைக் காலவரிசையில் எழுதி வைக்கும் விஞ்ஞான முறை மிகப் பழமையானதன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஃபிரேமிங்ஹாம் என்னும் ஊரில், 1948ஆம் ஆண்டு, முப்பது முதல் அறுபத்திரண்டு வயதுக்குட்பட்ட 5,209 ஆண்களையும் பெண்களையும் பதிவுசெய்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை அவர்களைப் பரிசோதித்து வந்த ஆய்விலிருந்துதான், இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைபிடித்தல், நீரிழிவு ஆகியவற்றை இருதய நோயின் ‘அபாயக் காரணிகள்’ என்று வகுத்துப் பேசும் வழக்கம் உலகெங்கும் பரவியது. அந்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களாக இருந்தும், மாரடைப்பு என்பது உழைத்துக் களைத்த ஆண்களுக்கு வருவது என்ற எண்ணம் மருத்துவ உலகில் வெகுகாலம் நீடித்தது. 1976இல் ஃபிரேமிங்ஹாம் ஆய்வாளர்கள் தங்கள் பெண்களின் பதிவுகளைத் தனியே எடுத்துப் பார்த்தபொழுது, ஒத்த வயதுடைய பெண்களுக்குள்ளேயே மாதவிடாய் நின்றவர்களிடம் இருதய நோய் தெளிவாக மிகுந்திருப்பதைக் கண்டார்கள்.

ஒரே மக்களைத் தொடர்ந்து கவனிப்பது ஒருவரின் முதுமையைக் காட்டும். ஒரு சமுதாயத்தின் போக்கை அறிய வேண்டுமானால், ஒரே வயதினரை வெவ்வேறு காலங்களில் அளந்து ஒப்பிட வேண்டும். ஸ்வீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரத்தில் பெண்களை மட்டுமே பொருளாகக் கொண்டு நடந்த ஆய்வு இதற்குச் சிறந்த உதாரணம். 1968–69இல் 1,462 பெண்களை அளந்து தொடங்கிய அந்த ஆய்வில், முப்பத்தெட்டு வயதினரும் ஐம்பது வயதினருமான பெண்களின் நிலையை 2004–05இல் அதே வயதை அடைந்திருந்த வேறு பெண்களின் நிலையோடு ஒப்பிட்டபொழுது, இரத்த அழுத்தமும் கொலஸ்டிராலும் முக்கொழுப்பும் குறைந்திருந்தன. 1968இல் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் இருந்த ஓய்வுநேரத் தேகப் பயிற்சி, பிந்திய தலைமுறையில் நாற்பதாக உயர்ந்திருந்தது. சராசரி உடற்பருமன் பெரிதாக மாறவில்லை. நாட்டின் செல்வம் பெருகினால் இருதய நோயும் பெருகித்தான் தீர வேண்டும் என்ற விதி எதுவும் இயற்கையில் இல்லை என்பதற்கு அந்த முப்பத்தாறு ஆண்டுக் கணக்கே சாட்சியாகும்.

நம் நாட்டில் அதே காலப்பகுதியில் எழுதப்பட்ட கணக்கோ எதிர்த்திசையில் செல்கிறது. சென்னை நகரத்தில் வயது வந்தோரிடையே நீரிழிவு 1989இல் நூற்றுக்கு 8.3 என்றும், 1995இல் 11.6 என்றும், 2000இல் 13.5 என்றும், 2003–04இல் 14.3 என்றும் உயர்ந்து வந்ததை, டாக்டர் ஏ. ராமச்சந்திரன், டாக்டர் வி. மோகன் ஆகியோர் தலைமையில் நடந்த ஆய்வுகள் பதிவுசெய்தன. 2006ஐ ஒட்டி ராமச்சந்திரனின் குழுவினர் சென்னை மாநகரத்தையும், காஞ்சிபுரம் நகரத்தையும், நகர்ப்புறத்தை ஒட்டி மாறிக்கொண்டிருந்த கிராமங்களையும் ஒரே முறையில் அளந்து ஒப்பிட்டார்கள். மாநகரத்தில் 18.6, காஞ்சிபுரத்தில் 16.4, கிராமங்களில் 9.2 என்று நீரிழிவின் விழுக்காடு வந்தது. பட்டும் கோயிலுமாக அமைதியாக வாழ்வதாக நாம் எண்ணியிருந்த ஒரு நடுத்தர நகரம் நோயின் கணக்கில் மாநகரத்தை எட்டிப் பிடித்திருந்தது. வயிற்றைச் சுற்றிய பருமன் நகரங்களில் மிகுந்தும், ஆண்களைக் காட்டிலும் பெண்களிடம் அதிகமாகவும் காணப்பட்டது. காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் நாம் பேசும் தொழிற்பிரதேசம் அமைந்திருக்கிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

தேசியக் குடும்ப நல ஆய்வுகள் இதே போக்கை மாநிலம் முழுவதற்கும் காட்டுகின்றன. பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களுள் மிகை எடை உடையோர் 2005–06இல் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். 2015–16இல் நூற்றுக்கு 30.9, 2019–21இல் நூற்றுக்கு 40.4. பதினைந்து ஆண்டுகளில் இந்த விகிதம் இரட்டித்திருக்கிறது. ஆயினும், அதே கடைசி ஆய்வில், அதே வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 53.4 பேர் இரத்தசோகை உடையவர்கள். எடை மிகுந்திருப்பதும் இரத்தம் குறைந்திருப்பதும் ஒரே சமுதாயத்தில், பல வேளைகளில் ஒரே பெண்ணின் சரீரத்தில், சேர்ந்து நிற்கின்றன. வயிறு நிறைந்தும் போஷாக்கு நிறையாத ஆகாரமே இவ்விரண்டுக்கும் பொதுவான காரணங்களுள் முதன்மையானது.

எண்களுக்குப் பின்னால் சரீரம் என்ன செய்கிறது என்பதை இனிப் பார்ப்போம். பெண்ணின் சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர், இரத்தத்திலுள்ள தீய கொழுப்பான எல்.டி.எல்.லைக் கல்லீரல் உறிஞ்சி எடுப்பதற்குத் துணை செய்கிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுத் தளர்ந்து விரிவதற்கும் உதவுகிறது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக நாற்பத்தாறு வயதை ஒட்டி மாதவிடாய் நிற்கிறது. மேலைநாட்டுப் பெண்களுக்கோ ஐம்பது வயதை ஒட்டித்தான் நிற்கிறது. ஆக, இயற்கை அளிக்கும் பாதுகாப்பு நம் பெண்களுக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே விலகுகிறது. அமெரிக்காவில் பல இனத்துப் பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ‘ஸ்வான்’ என்னும் ஆய்வு, கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டுக் காலத்துக்குள் எல்.டி.எல். விரைந்து உயர்வதையும், அந்த உயர்வு மூப்பினால் மட்டும் நேர்வதன்று என்பதையும் நிலைநாட்டியது. இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு, அப்பொழுதிலிருந்து வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து, சேரத் தொடங்குகிறது. அந்த உட்கொழுப்பு இன்சுலினின் செயலைத் தடுப்பதால் இரத்தச் சர்க்கரை ஏறுகிறது, முக்கொழுப்பு மிகுகிறது, நன்மை செய்யும் எச்.டி.எல். தாழ்கிறது. தெற்காசியர்களுக்கு எடை அதிகம் ஏறாமலேயே இந்தக் கோளாறுகள் தோன்றிவிடுகின்றன. ஆகையால்தான், நம் நாட்டுப் பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை கொள்ள வேண்டுமென்று நிபுணர்கள் வரையறுத்திருக்கிறார்கள்.

ஈஸ்ட்ரோஜன் குறைவதுதான் காரணமென்றால் அதை மருந்தாகக் கொடுத்துவிடலாமே என்று எண்ணத் தோன்றும். மருத்துவ உலகமும் அவ்வாறே எண்ணியது. ஆனால் 1998இல் வெளிவந்த ‘ஹெர்ஸ்’ ஆய்வும், 2002இல் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டினையும் சேர்த்துக் கொடுத்த பகுதியை இடையிலேயே நிறுத்திய ‘பெண்கள் நல முனைப்பு’ ஆய்வும், இருதயத்தைக் காப்பதற்காக அந்த மருந்துகளைக் கொடுப்பதில் பயனில்லை என்று தெளிவுபடுத்தின. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு மாத்திரையால் பழைய நிலையை மீட்டுவிட முடியாது. அதற்கு முன்னைய ஆண்டுகளை எப்படிக் கழித்தோம் என்பதே முக்கியம்.

அந்த முன்னைய ஆண்டுகளுள் மிகுந்த செய்தி அடங்கியது கர்ப்ப காலம். கருவுற்றிருக்கும்பொழுது இரத்தச் சர்க்கரை ஏறிப் பிரசவத்துக்குப் பின் இறங்கிவிடுகிற பெண்களுக்கு, பிற்காலத்தில் நிரந்தரமான நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இருதய நோய்க்கான வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. கர்ப்ப கால இரத்த அழுத்தமும் அவ்வாறே பிற்கால இருதய நோய்க்கு முன்னறிவிப்பாகும். சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வில், கர்ப்பிணிகளுள் நகரத்தில் நூற்றுக்கு 17.8 பேருக்கும், சிறு நகரங்களில் 13.8 பேருக்கும், கிராமங்களில் 9.9 பேருக்கும் கர்ப்ப கால நீரிழிவு இருந்தது. அவரது முயற்சியின் பயனாக, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2007இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. பிரசவம் முடிந்தவுடன் குழந்தையின் எடையையும் தடுப்பூசியையும் கருத்தாகக் கவனிக்கும் குடும்பங்கள், தாய்க்கு மறுபடியும் சர்க்கரை பார்ப்பதை மறந்துவிடுவதுதான் வருந்தத்தக்கது. இருபத்தாறாம் வயதில் தாய்சேய் நல அட்டையில் எழுதப்பட்ட ஓர் எண், நாற்பத்தாறாம் வயதில் மருத்துவர் கேட்க வேண்டிய முதற்செய்தியாகும்.

தொழிற்பிரதேசத்துப் பெண்களுக்கு இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. அது இரவு வேலை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவில் வேலைக்கு வைப்பதைத் தடுத்திருந்தது. அந்தத் தடை ஆண்பெண் சமத்துவத்துக்கு விரோதமானது என்று 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து, பாதுகாப்புக்கான நிபந்தனைகளோடு இரவு வேலைக்கு வழிதிறந்தது. உரிமை என்ற முறையில் அது நியாயமான தீர்ப்பு. சொந்தச் சம்பாத்தியம் பெண்களுக்குத் தந்த துணிவையும் மதிப்பையும் குறைத்துப் பேசுவது எவருக்கும் அழகாகாது. எனினும் சரீரத்தின் சுபாவம் தீர்ப்புகளால் மாறுவதில்லை. நம் ஒவ்வொருவரின் மூளையிலும், கண்ணில் படும் ஒளியைக் கொண்டு நேரத்தை அறிந்து, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இயக்குநீர்களையும் பகலுக்கொரு விதமாகவும் இரவுக்கொரு விதமாகவும் முறைப்படுத்துகின்ற ஒரு கடிகாரம் இயங்குகிறது. வாரத்துக்கு வாரம் ஷிஃப்டு மாறும்பொழுது அந்தக் கடிகாரம் குழம்புகிறது; உறக்கத்தில் தாழ வேண்டிய இரத்த அழுத்தம் தாழாமல் நிற்கிறது; நள்ளிரவில் உண்ட சோற்றின் சர்க்கரையைச் சரீரம் பகலில்போல் திறமையாகக் கையாளுவதில்லை. அமெரிக்காவில் 1976 முதல் செவிலியர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வின் பதிவுகளை 2016இல் தொகுத்துப் பார்த்தபொழுது, பத்தாண்டுகளோ அதற்கு மேலோ சுழல்முறை இரவுப்பணி செய்தவர்களுக்கு இருதய நோய் வரும் வாய்ப்பு 15 முதல் 18 விழுக்காடு வரை கூடியிருந்தது. இது பெரிய எண்ணாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் நீரிழிவும் பருமனும் முன்னரே மிகுந்த ஒரு சமுதாயத்தில், ஒவ்வொரு சிறு கூடுதலும் கந்துவட்டியைப்போல் முன்னதன் மேல் ஏறிப் பெருகுகிறது.

ஷிஃப்டு முடித்து வீடு திரும்பும் பெண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறதா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரவு வேலை பார்த்து வந்த ஆண் உறங்குவதை வீடு ஏற்றுக்கொள்கிறது. இரவு வேலை பார்த்து வந்த தாயோ, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, துணி துவைத்து, அதன் பின்னரே கண் மூடுகிறாள். எட்டு மணி நேரம் லைனில் நிற்பது கால்களுக்கு அயர்ச்சியைத் தருகிறது. ஆயினும், இருதயத் துடிப்பை உயர்த்தி மூச்சு வாங்கச் செய்யும் தேகப் பயிற்சியின் பயனை அது தருவதில்லை. வயலில் குனிந்து நிமிர்ந்து நாற்று நட்ட தாய்க்குக் கிடைத்த அசைவு, ஒரே இடத்தில் நின்று திருகாணி முடுக்கும் மகளுக்குக் கிடைப்பதில்லை. அந்தத் தாய்க்கும் இன்று அது கிடைப்பதில்லை; வயல் போய்விட்டது, ஆகாரம் மட்டும் வயலில் உழைத்த காலத்து அளவிலேயே நிற்கிறது. சென்னை நகர்ப்புற, கிராமப்புற ஆய்வான ‘கியூர்ஸ்’, நம் மக்கள் உண்ணும் சக்தியில் ஏறத்தாழப் பாதி தீட்டிய அரிசி முதலிய சுத்திகரித்த தானியங்களிலிருந்தே வருவதையும், அவற்றை மிகுதியாக உண்போரிடம் வயிற்றுப் பருமனும் முக்கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் கூடியிருப்பதையும் காட்டியது. கேண்டீனில் சோறும் சாம்பாரும், நடுவில் இருமுறை சர்க்கரை போட்ட டீயும், விடுமுறை நாளில் பரோட்டாவுமாக அமையும் ஆகாரத்தில் பருப்பும் காயும் கீரையும் பழமும் ஒதுங்கிவிடுகின்றன. ஊறுகாயும் அப்பளமும் உப்பின் அளவை உயர்த்துகின்றன.

இவ்வளவும் சேர்ந்து, ஒரு நாள் நோயாக வெளிப்படும்பொழுதும் பெண்ணுக்கு நீதி கிடைப்பதில்லை. டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து, 2004இல் வெளிவந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனவழுத்தம், பழமும் காயும் உண்ணாமை, தேகப் பயிற்சியின்மை, மது ஆகிய ஒன்பது காரணிகளே பெண்களின் முதல் மாரடைப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்குக்கு விளக்கம் தருகின்றன என்று கண்டது. தெற்காசியர்களுக்கு அந்த முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிடச் சராசரியாக ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாக, ஐம்பத்து மூன்று வயதிலேயே வருகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் காட்சியையே மாரடைப்பின் அடையாளமாக நாம் மனத்தில் பதித்திருக்கிறோம். பெண்களிடம் நெஞ்சுவலியோடு அல்லது அது இல்லாமலே, காரணமற்ற அயர்ச்சி, மூச்சிரைப்பு, குமட்டல், வியர்வை, தாடையிலோ முதுகிலோ வலி ஆகியவை தோன்றுவது சாதாரணம். இவற்றை ‘கேஸ் தொல்லை’ என்று சொல்லிச் சோடா குடித்துப் படுத்துக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் பிடிக்கப்படும் காண்ட்ராக்ட் தொழிலாளியாயின் தயக்கம் இன்னும் கூடுகிறது. இருதயத் தசை இரத்தமின்றித் தவிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அதன் ஒரு பகுதி மடிந்துகொண்டே போகிறது.

இங்கே நம்பிக்கைக்கு இடமுண்டு. மேற்சொன்ன காரணிகளில் பெரும்பாலானவை அளக்கக் கூடியவை; அளந்தால் குறைக்கக் கூடியவை. 2020இல் தமிழ்நாட்டில் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வின்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு 33.9 பேருக்கு இரத்த அழுத்தமும், 17.6 பேருக்கு நீரிழிவும் இருந்தன. ஆனால் இரத்த அழுத்தமுடையோருள் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 7.3 பேர் மட்டுமே. மருந்து இல்லாததால் வந்த நிலையன்று இது. ‘பிரஷர்’ இருப்பதை அறியாமையாலும், அறிந்தும் மாத்திரையை இடையில் நிறுத்திவிடுவதாலும் வந்த நிலை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுப்பதும், 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மருந்துகள் கிடைப்பதும், இந்த இடைவெளியை நிரப்ப எடுக்கப்பட்ட நல்ல முயற்சிகள். பகலில் வீடு பூட்டியிருக்கும் தொழிற்சாலைப் பெண்களுக்கு, அதே சேவை பணியிடத்துக்கும் விடுதிக்கும் சென்றாக வேண்டும்.

பின்லாந்தின் வட கரேலியா மாகாணத்தில் 1972இல் டாக்டர் பெக்கா புஸ்கா தொடங்கிய இயக்கம் நமக்கு வழிகாட்டக் கூடியது. வெண்ணெயும் உப்பும் புகையும் மிகுந்த அந்த மாகாணத்தில், மருத்துவர்கள் ‘மார்த்தா’ என்ற இல்லத்தரசியர் சங்கத்தைத் துணைக்கு அழைத்து, ஊர் ஊராகச் சமையல் முறையையே மாற்றினார்கள். சில பத்தாண்டுகளில் உழைக்கும் வயதினரிடையே இருதய நோய் மரணம் எண்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. கிராமந்தோறும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வேரூன்றியிருக்கும் தமிழ்நாட்டில் அத்தகைய பணிக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

நம் தொழிற்பிரதேசத்தைச் சேர்ந்த வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர்களுக்கென்று 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டிருக்கிறது. அங்கே இன்று உறங்கி எழும் இளம் பெண்கள் நாற்பதுகளை அடையும் காலத்தில் அவர்களின் இருதயம் எப்படி இருக்கும் என்பது இன்றைக்கே தீர்மானமாகிக்கொண்டிருக்கிறது. வேலைக்குச் சேரும் நாளில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இடுப்பளவு, ஹீமோகுளோபின் ஆகிய ஐந்தையும் அளந்து, அவள் வேலை மாறினாலும் ஊர் மாறினாலும் அவளோடு செல்லும் ஒரு பதிவேட்டில் எழுதி, ஆண்டுதோறும் புதுப்பித்து வருவோமானால், ஃபிரேமிங்ஹாமும் கோத்தன்பர்க்கும் தங்கள் மக்களுக்குச் செய்ததை நாம் நம் பெண்களுக்குச் செய்தவர்களாவோம். நிர்வாகங்கள் கேண்டீன் உணவில் உப்பையும் சர்க்கரையையும் குறைத்து, பருப்பையும் காயையும் கூட்ட வேண்டும். ஷிஃப்டு அடிக்கடி மாறாதபடி அமைக்க வேண்டும். இரவு வேலை முடித்தவளுக்கு உறங்க இடமும் நேரமும் தர வேண்டும். வீட்டிலுள்ள ஆண்கள் சமையலறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இந்நூலைப் படிக்கும் பெண் எவளாயினும், முப்பது வயதைக் கடந்திருந்தால், அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கோ பிள்ளையை அழைத்துச் செல்லும்பொழுது, தன் கையையும் நீட்டி இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்; கர்ப்ப காலத்தில் சர்க்கரையோ அழுத்தமோ இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் கேளாமலே சொல்ல வேண்டும்.